முருகையனின் இரண்டாவது தேதி

யூஜின் சார், நான் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. அதைத் தவிர என்னிடம் சொல்லிக்கொள்ளும்படியான விசேஷ குணம் எதுவும் கிடையாது. உப்பளம் பகுதியிலுள்ள நம் ஆபீசில் மாடி ஏறி வந்தால் வலதுபக்கக் கடைசி மேசை என்னுடையது. அதைத் துடைப்பதும் நான்தான். இத்தனை வருடத்தில் ஒருவரையும் கைநீட்டி அடித்ததில்லை, யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. "நடந்தத நடந்தபடி எழுதிக் குடு செம்மல்" என்று சொன்னீர்கள். எழுதுகிறேன். எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

நம் தொழிலை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதை வக்கீல் யாராவது படிக்கக்கூடும் என்பதால் சொல்லிவைக்கிறேன். ஃபிளெக்ஸ் பேனர் கடைகளுக்கு நாம் ஒரு ஆப் செய்து கொடுக்கிறோம். வாடிக்கையாளர் போனிலேயே பெயர், படம், தேதி, நண்பர்கள் பெயர் எல்லாம் போட்டுவிட்டால், டிசைன் தானாக வந்து அப்படியே பிரிண்டுக்குப் போய்விடும். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுநன்மை, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி. எந்த டிசைன் வேண்டும் என்று ஆப் தானாகவே தேர்ந்தெடுக்கும் பகுதியை எழுதியவன் நான். அதில் ஒரு சின்ன சாமர்த்தியம் வைத்திருந்தேன். ஒரு ஆளுக்கு ஒரு தேதி மட்டும் வந்தால் பிறந்தநாள். இரண்டு தேதி வந்தால் தோற்றம், மறைவு. உலகத்தில் இரண்டு தேதியோடு இருப்பவர்கள் யார் சார்? போய்ச் சேர்ந்தவர்கள்தான்.

அந்தத் தேதிகளை எடுத்துக் கொடுக்கும் ஃபங்ஷன், அதாவது கோடிங் துண்டு, என்னோடு வேலை செய்யும் கிளாட்வினுடையது. என் பகுதி சரியாக ஓடுகிறதா என்று டெஸ்ட் எழுதும்போது அவன் ஃபங்ஷனை நிஜமாகவே கூப்பிட வேண்டியதில்லை. அதன் இடத்தில் ஒரு டம்மியை நிறுத்திவைப்போம். மாக் என்பார்கள். நாடக ஒத்திகைக்கு ராஜா வேஷக்காரர் வராத நாளில் வேறு யாரையாவது நிற்க வைத்து வசனம் சொல்லிப் பார்ப்பார்களே, அதுபோல. நான் நிறுத்தியிருந்த டம்மி ஒரே ஒரு தேதியைத்தான் கொடுக்கும். டெஸ்டுகள் எல்லாம் பச்சை டிக் வாங்கும். காலையில் ஆபீசுக்கு வந்ததும் அந்தப் பச்சையைப் பார்ப்பதில் எனக்கு ஒரு நிம்மதி. சிலருக்கு விபூதி, சிலருக்கு ஜெபமாலை, எனக்கு அது.

பிறகு ஒருநாள் நீங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கும் டிசைன் வேண்டும் என்றீர்கள். பிறந்த தேதியும் விசேஷத்தின் தேதியும் இரண்டுமே பேனரில் வர வேண்டும் என்றீர்கள். கிளாட்வின் தன் ஃபங்ஷனை மாற்றி அதற்கும் இரண்டு தேதி வருகிறபடி செய்தான். என் பகுதி ஒன்று வந்தாலும் வாங்கிக்கொள்ளும், இரண்டு வந்தாலும் வாங்கிக்கொள்ளும் என்பதால் அங்கே ஒரு முனகலும் இல்லை. என் டெஸ்டில்தான், எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் கத்தியது. உன் டம்மிக்கும் நிஜத்துக்கும் ஜாடையே ஒத்துப்போகவில்லை என்று சொன்னது. எத்தனை சிவப்பு வரி சார். 

எங்கள் தொழிலில் 'எனி' என்று ஒரு சொல் உண்டு. அதை டம்மியின் பக்கத்தில் எழுதிவிட்டால், இது எந்த ஜாதிச் சரக்காக இருந்தாலும் பரவாயில்லை, விட்டுவிடு என்று அர்த்தம். கம்பைலர் கண்ணை மூடிக்கொள்ளும். நான் அதை எழுதினேன். சத்தம் நின்றது. எல்லாம் மறுபடியும் பச்சை. பட்டாணி சுண்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மெரினைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நல்ல பெண். நம் ஆபீசில் வேலை இன்னும் உறுதியாகாத பெண். அந்த மாதக் கடைசியில் உறுதியாக வேண்டியது. உறுதியானால் அம்மாவோடு ஊரிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் சென்னையில் ஹாஸ்டல். அவள் அம்மா ஸ்டெல்லாமேரிக்குச் சர்க்கரை நோயால் கண் பார்வை குறைந்துகொண்டு வருகிறது. சாயங்காலமானால் மெரின் கைபிடித்துத்தான் கோயிலுக்குக் கூட்டிப்போவாள். இதெல்லாம் அவளே மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொன்னது. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவள் டப்பாவிலிருந்து மீன் வறுவல் எனக்குத் தனியாக வரும். நானும் அவளைத் தங்கையாகத்தான் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

அந்த 'எனி'யை முதலில் பார்த்தது அவள்தான்.

"அண்ணா, இது எதுக்கு இங்க? நெஜ ஃபங்ஷன் மாறிட்டா இந்த டம்மிக்குத் தெரியவே தெரியாதே. அது பாட்டுக்குப் பழைய பாட்டையே பாடிட்டிருக்கும்."

"பாத்துக்கலாம்மா."

"நெஜ ஃபங்ஷனோட டைப்பயே இதுக்கும் கட்டிடலாம்ண்ணா. அது மாறுனா இது ஒடனே கத்திடும். அஞ்சு நிமிச வேலை. நான் பண்ணட்டுமா?"

கத்தக் கூடாது என்றுதானே நான் 'எனி' போட்டேன். இதை எப்படி அவளுக்குச் சொல்வது? சின்னப் பெண். இன்னும் நாலு வருடம் போனால் புரியும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது முருகையனுக்கு வருகிறேன். தவளக்குப்பத்துக்காரர். முன்னே துணி மில்லில் தறி ஓட்டியவர். மில் மூடிய பிறகு வாட்ச்மேன், பெட்டிக்கடை, அது இது என்று பிழைத்தவர். அவருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. மகன் இனியவன் நம் ஆப்பில் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் நிரப்பினான். அப்பா பிறந்த தேதி போட்டான். விசேஷத் தேதி, வருகிற ஞாயிறு என்று முகூர்த்த நேரத்தோடு போட்டான். கூலிங்கிளாஸ் போட்ட படம் ஒன்று ஏற்றினான். கடைக்காரர் கண்ணையன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரிண்ட் எடுத்தார். சாரம் கட்டும் பையன்கள் எழுத்தைப் படிப்பதில்லை. ஜங்ஷனில், கடலூர் ரோட்டைப் பார்த்த மாதிரி தூக்கி நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

பேனரில் இருந்ததை அப்படியே தருகிறேன். கறுப்பு பார்டர். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கண்ணீர் அஞ்சலி. திரு. முருகையன் அவர்கள். தோற்றம் என்று பிறந்த தேதி. மறைவு: வருகிற ஞாயிறு, காலை ஒன்பது மணிக்கு மேல் பத்தரைக்குள். மதிய விருந்து உண்டு. அனைவரும் குடும்பத்துடன் வருக.

அதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை சார். அதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலையில் கடலூர் பஸ்கள் எல்லாம் அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகவே போயிருக்கின்றன. முருகையன் டீ குடிக்க வந்திருக்கிறார். டீ மாஸ்டர் அவரைப் பார்த்ததும் கையிலிருந்த கிளாஸைக் கீழே விட்டார். முருகையன் அண்ணாந்து பேனரை முழுசாகப் படித்துவிட்டு, "போட்டோ நல்லா வந்துருக்கு" என்றாராம். தெருவில் எல்லோரும் அவருக்கு ஆயுசு கெட்டி என்றார்கள். உயிரோடு இருப்பவரைச் செத்ததாகச் சொன்னால் ஆயுசு கூடும் என்பது நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அந்த வகையில் பார்த்தால் நான் அவருக்கு ஒரு உபகாரம் செய்திருக்கிறேன்.

அவர் மனைவி ஜெயத்துக்குத்தான் அந்த ஆறுதல் போதவில்லை. "செத்துட்டாருன்னு போட்டா ஆயுசு கூடும். சாவப் போறாருன்னு போட்டா? அதுவும் நேரத்தோட போட்டிருக்கானே பாவி" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில், சொல்லியனுப்பாதவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்து நின்றிருக்க, அந்த அம்மா புருஷன் மணிக்கட்டைப் பிடித்தபடியே தாலி கட்டிக்கொண்டார். பத்தரை தாண்டும் வரைக்கும் பிடியையும் விடவில்லை, பச்சைத் தண்ணியும் குடிக்கவில்லை. தாண்டியதும் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாராம். பந்தியில் பாயசம் பத்தவில்லை என்றும் கேள்விப்பட்டேன். கூட்டம் அப்படி.

மெரின் வீடு அந்தப் பக்கம். சனிக்கிழமை காலை பஸ்ஸிலிருந்து பேனரைப் பார்த்தவள், அங்கேயே இறங்கி, கண்ணையனைக் கூப்பிட்டு அதை இறக்க வைத்தாள். நேராக முருகையன் வீட்டுக்குப் போய் ஜெயத்தின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். அவளை யாரும் போகச் சொல்லவில்லை. பிறகு ஆபீசுக்கு வந்து, ஆளில்லாத இடத்தில் தனியாக உட்கார்ந்து தப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்தாள். வருகிற ஒவ்வொரு தேதியும் பிறப்பா, சாவா, விசேஷமா என்று கேட்டுப் பார்க்கிறபடி என் பகுதியை மாற்றினாள். சரியான மருந்து. நான் படித்துப் பார்த்தேன், ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் என் டம்மிகள் பழைய டம்மிகள்தானே. அவற்றுக்குச் சாவும் தெரியாது, விசேஷமும் தெரியாது. அவள் சரிசெய்த நிமிடத்தில் என் டெஸ்டுகள் அத்தனையும் சிவந்துபோயின. அவற்றைத் திங்கட்கிழமை வந்து மாற்றலாம் என்று எழுதிவைத்துவிட்டு, அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டாள்.

திங்கட்கிழமை நீங்கள் அவளுக்கு முன்னால் வந்தீர்கள். முகம் கறுத்திருந்தது. கண்ணையன் போனில் திட்டியிருந்தார். திரையைத் திறந்தீர்கள். ஒரே சிவப்பு. அதன் தலையில் மெரின் பெயர்.

"யார் பண்ண வேலை இது?" என்று கேட்டீர்கள்.

"மெரின் கை வைக்கிற வரைக்கும் எல்லாம் பச்சையாத்தான் இருந்துச்சு சார்" என்றேன்.

இதில் ஒரு சொல் பொய் உண்டா? நீங்களே சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை எழுந்து நின்ற பேனருக்குச் சனிக்கிழமை செய்த மாற்றம் எப்படிக் காரணமாகும் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். நீங்கள் என் தோளைத் தட்டி "மெர்சி செம்மல்" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னீர்கள்.

அவள் வந்ததும் சொல்லத்தான் செய்தாள். "சார், கோடிங் சரி சார். டெஸ்டுதான் பொய் சொல்லுது." நீங்கள் சிரித்துவிட்டீர்கள். பரீட்சையில் பெயிலான பிள்ளை கேள்வித்தாள் தப்பு என்று சொல்வது போல உங்களுக்குப் பட்டிருக்கும். அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அண்ணா, நீங்க சொல்லுங்கண்ணா" என்றாள். எனக்கு அப்போது ஒரு போன் வந்தது. வரவில்லை, நான்தான் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். திரும்பி வரும்போது அவள் மேசை காலியாக இருந்தது. மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது.

மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். வறுவல் இல்லாததால் என்று நினைக்க வேண்டாம்.

அதன் பிறகு செய்ய வேண்டியதைச் செய்தேன். அவள் மாற்றியதை எடுத்துவிட்டுப் பழையதையே திரும்ப வைத்தேன். பச்சை வந்துவிட்டது. தப்பு உள்ளேயேதான் இருந்தது, அது எனக்குத் தெரியும். ஆனால் அறுபதாம் கல்யாணம் தினமுமா நடக்கிறது என்று எண்ணினேன். பணி ஓய்வுக்கும் இரண்டு தேதி வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வாரமே ரெட்டியார்பாளையத்தில் ஓய்வு பெறப்போகும் தலைமையாசிரியை கலைவாணி அம்மா, தன் பள்ளி வாசலில் தன் கண்ணீர் அஞ்சலியைப் படித்தார். பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துவிட்டு, அதில் 'பேரிழப்பு' என்று இருந்ததை அடித்து 'பெரு விடுதலை' என்று சாக்பீஸால் எழுதினாராம். கெட்டிக்கார அம்மா. அவர் புகார் எதுவும் கொடுக்காததால் அதை உங்களிடம் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து முருகையன் நம் ஆபீசுக்கு வந்தார். கையில் தாம்பூலப் பை. விசேஷ வீட்டுக்கு முந்தின நாள் வந்து சாப்பிடாமல் போன பெண்ணுக்குக் கொடுக்க ஜெயம் அனுப்பியதாம். நீங்கள் வெளியே போயிருந்தீர்கள். நான் திரையைப் பார்த்தபடியே "மெரின் வேலையில் இல்லை" என்றேன். பதிலில்லை. திரும்பவும் சொன்னேன். அவர் பாட்டுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளாட்வின்தான் சொன்னான், "காது சுத்தமா கேக்காதாம் அவுருக்கு. வாசல்லயே சொன்னாரு. தறி சத்தத்துல போனதாம்."

கிளாட்வின் டீ குடிக்க இறங்கிப் போனான். நானும் அவரும் மட்டும் இருந்தோம். எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது சார். கறுப்பு பார்டருக்குள் பார்த்த முகம். என்றைக்காவது உங்களிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும், அப்போது நாக்கு குழறக் கூடாது, ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. உங்கள் இடத்தில் அவரை உட்கார வைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குறுக்குக் கேள்வி கேட்பீர்கள். அவர் கேட்க மாட்டார்.

சொன்னேன். 'எனி'யில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். போன் வராமலே போன் எடுத்தது உட்பட. அவர் ஆடாமல் அசையாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வப்போது தலையை ஆட்டினார். என் வீட்டில்கூட நான் பேசுவதை இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை. முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. "உங்களக் கொன்னது நான்தாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, கைகூட கொடுத்தேன். அவரும் கைகொடுத்தார். பிடி இரும்பு மாதிரி இருந்தது.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். அவர் எழுந்து உங்களிடம் சொன்னதை நான் எழுத வேண்டியதில்லை. ஒரு வரி விடாமல் சொன்னார். நான் அவரையே பார்த்தேன்.

"இன்னாப்பா அப்டி பாக்கற?" என்றார் என்னிடம். "தறி ஓடற எடத்துல காதாலயா பேசிக்குவோம்? நூறு தறி ஓடும். பொண்டாட்டிக்கு ஒடம்பு சரியில்லன்றதுலேந்து, மேஸ்திரியத் திட்டறது வரைக்கும் வாயப் பாத்துதாம்பா பேசிக்குவோம். நீ என்னாத்துக்கு ஒரு பொண்ணு வயித்துல அடிச்ச? என்னக் கொன்ன, போவுது. ஆயுசு கெட்டின்னு சிரிச்சிட்டுப் போயிட்டேன். அந்தப் பொண்ணு என் வூட்டுக்காரி கையப் புடிச்சிக்கினு அழுதுச்சுப்பா. அதப் போயி..."

 தாம்பூலப் பையை மெரின் மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

இங்கே ஒரு தவறு செய்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று சரிபார்க்காமல் அவரை உங்கள் இடத்தில் வைத்துவிட்டேன். மொத்த விவகாரத்திலும் என் தவறு என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

நீங்கள் ஒப்புதல் என்று கேட்டதால் அதையும் சுருக்கமாகத் தருகிறேன். முருகையனையும் கலைவாணி அம்மாவையும் பேனரில் கொன்றது நான். மெரின் செய்தது சரி என்று தெரிந்தே அவளைக் காட்டிக்கொடுத்தது நான். அவள் சரிசெய்ததைத் தெரிந்தே கெடுத்து வைத்ததும் நான். யாரும் வற்புறுத்தாமல், நானாகவே முன்வந்து இதை எழுதுகிறேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் மெரினைக் கூப்பிட்டது நல்ல காரியம். சென்னைக்குப் பெட்டி கட்டியிருந்தாளாம். "வரேன் சார். ஆனா அந்த எனி எல்லாத்தையும் எடுத்துடுவேன், மொதல்ல எல்லாம் செவப்பாத்தான் வரும், பயப்படாதீங்க" என்றாளாம். நீங்கள் அவள் வேலையை அன்றைக்கே உறுதி செய்ததாகவும், ஸ்டெல்லாமேரி அம்மா நன்றிப் பூசை சொல்லியிருப்பதாகவும் கிளாட்வின் சொன்னான். எனக்குச் சந்தோஷம்தான். தங்கை நன்றாக இருந்தால் அண்ணனுக்குத்தானே பெருமை.

என் சாமான்களை எடுத்துக்கொண்டு இன்றைக்கே போகச் சொல்லிவிட்டீர்கள். போகிறேன். கொஞ்சம் முன்னால் அவள் மேசையைத் தாண்டி வந்தேன். தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தாள். என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை. திரையை எட்டிப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு. அவளாகவே வேண்டுமென்று வரவழைத்த சிவப்பு, ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறாள்.

நான் யார்மேலும் குறை சொல்லவில்லை சார். ஆனால் நீங்கள் நியாயஸ்தர், ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். என் கையில் இருந்தவரைக்கும் ஒருநாளாவது அது அப்படி இருந்ததா?